பச்சை விளக்கை நம்பாத ஒயரக்கா

செருகிய ஒயரை ஒயரக்கா அப்படியே விட்டுவிட மாட்டார். அதன் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து, லேசாக, இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிட்டால் மறுபடி செருகுவார். வராவிட்டால் அடுத்த ஒயருக்குப் போவார். மேசை மேல் இருக்கும் எல்லாவற்றையும் இழுத்து முடித்த பிறகு முதல் ஒயருக்கே திரும்பி வருவார். இடைப்பட்ட நேரத்தில் அது கழன்றிருக்கலாமாம்.

“ஏன்க்கா, யாரு வந்து கழட்டப் போறாங்க?” என்று கேட்டால், “யாரும் வர வேணாம் தம்பி. அதுவே கழண்டுக்கும். அதுக்கு அவ்வளவு கொழுப்பு” என்பார்.

இந்த வியாதி ஒயரோடு நிற்கவில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டுக்கு இரண்டு இழுப்பு. வேனில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சீட் பெல்ட்டுக்கு இரண்டு இழுப்பு. காலை நேரங்களில் அவருக்கு ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. அங்கே இழுத்துப் பார்க்கும் உரிமை டாக்டருக்கு மட்டும்தான் என்பதால் அக்கா பாவம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எங்கள் குழுவில் ஒரு கிண்டல் உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

எங்களுடையது ஒரு பாட்டுக் குழு. கம்பெனி ஆண்டு விழா, கல்லூரி விழா, கடைத்திறப்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். லீடர் பாடுவார். ஒருவர் கிதார், ஒரு பெண் கீபோர்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வாய் கிழியப் பேசுவது என் வேலை. டிரம்ஸ் வாசிப்பவர் ஒயரக்காவின் கணவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். அக்காவின் இடம் மேடையின் இடது ஓரம், திரைக்குப் பாதி உள்ளே. ஒரு மடக்கு மேசை, அதன் மேல் ஒரு தாளப் பெட்டி, இரண்டு சின்தசைசர், சுற்றிலும் பாம்புப் பண்ணை போல ஒயர்கள்.

இந்தப் பெட்டிகள் எல்லாம் ஒன்றாக ஓட வேண்டும். அதற்குத்தான் மிடி கிளாக். அது பாட்டும் இல்லை, சத்தமும் இல்லை. தாளப் பெட்டி மற்ற பெட்டிகளுக்கு விடாமல் அனுப்பும் துடிப்பு. ஒரு தாள அடிக்குள் இருபத்து நான்கு துடிப்பு போய்ச் சேரும். அதை எண்ணிக்கொண்டு மற்றவை கூடவே நடக்கும். அக்காவிடம் கேட்டால் இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: “கிளாக்குன்னுதான் பேரு. மணி என்னன்னு அதுக்குத் தெரியாது. போ, போ, போன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்கும்.”

ஒரு நாள் அக்கா ஒயர்லெஸ்ஸுக்கு மாறினார். தாளப் பெட்டியின் பின்னால் விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் குச்சி. மேடையின் வலது கோடியில் இருக்கும் கீபோர்டு பெண்ணின் சின்தசைசரில் அதற்கு ஜோடியாக இன்னொரு குச்சி. முதலாவது சொல்கிற குச்சி, இரண்டாவது கேட்கிற குச்சி என்று அவரே பெயர் வைத்துவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தேடும்போது பச்சை விளக்கு சிமிட்டும். சேர்ந்துவிட்டால் நின்று எரியும். லீடருக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம அக்கா எங்கயோ போயிட்டாங்க!” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். நான் மேடையில் மைக் பிடித்து, இனியும் இவரை ஒயரக்கா என்று அழைக்கலாமா என்று கேட்டுக் கைதட்டல்கூட வாங்கினேன்.

அக்காவின் முகத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. குச்சி வந்த நாளிலிருந்து நிகழ்ச்சிக்கு முன்னால் அவர் ஒரு வாய் சாப்பிடுவது கிடையாது. நாற்காலி போட்டாலும் உட்காருவதில்லை. அரங்கத்துக்குள் கூட்டம் நுழைவதைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பார். “எத்தனை போனு பாருங்க தம்பி. ஒவ்வொண்ணும் காத்துல எதையாவது கத்திக்கிட்டே இருக்கும். அந்தச் சந்தைக்குள்ள என் குச்சி குரலு எங்க போயிக் கேக்கும்?” என்று முணுமுணுப்பார். ஒரு கீபோர்டுக்காக இவ்வளவு பயமா என்று எனக்கு ஆச்சரியம். “பயமா இருந்தா பழையபடி ஒயரையே போட்டுருங்களேன்க்கா. எட்டாதா என்ன?” என்றேன். எட்டும் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். போகிற போக்கில், “ஒயருன்னா இழுத்துப் பாக்கலாம். இதுல எதைப் புடிச்சு இழுக்கிறது?” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

விஷயம் எனக்குத் தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாட்டு வரிசையைக் கொடுப்பதற்காக அவர்கள் வீட்டுக்குப் போய் அழைப்பு மணியை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் கூடத்து விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அதைப் பார்த்து அண்ணன் எழுந்து வந்து கதவைத் திறந்தார். டிவியில் யாரோ ஊமையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். “அக்கா இருக்காங்களாண்ணே?” என்றேன். என் வாயையே பார்த்தவர், “நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்க?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்குத் தலைக்கனம், கூப்பிட்டால் திரும்ப மாட்டார், கேட்டதற்குச் சிரிப்பு மட்டும்தான் பதில் என்று நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. சமையலறையிலிருந்து வந்த அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கேட்காத மனிதருக்காக எதற்குக் கதவைச் சாத்தினார் என்று தெரியவில்லை.

“ஒரு காது சுத்தமா போச்சு. இன்னொண்ணுல ஏதோ தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குமாம். அவ்வளவுதான்.”

“அப்ப மேடையில எப்படிக்கா…”

அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அகலம். இடுப்பில் சட்டைக்குள் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. அதுவும் ஒரு கேட்கிற பெட்டிதான். சொல்கிற குச்சி அனுப்பும் துடிப்பை எண்ணி, தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் உடம்பில் ஒரு தட்டுத் தட்டும். அண்ணன் வாசிப்பது காதால் அல்ல, இடுப்பால். கீபோர்டுக்குப் போகும் குச்சி சும்மா ஊருக்குக் காட்டத்தான். அது இருந்தால்தானே தாளப் பெட்டியில் சொல்கிற குச்சி எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்! இடுப்புப் பெட்டியில் ஒயர் செருகவும் ஒரு துளை இருந்தது. அதை ரப்பர் மூடி போட்டு இறுக்கி மூடியிருந்தார்கள்.

“ஒயரு போட்டா ஒரு பயமும் இல்ல. ஆனா டிரம்ஸ்காரரு இடுப்புல இருந்து ஒயரு தொங்குனா என்ன ஏதுன்னு கேப்பாங்கல்ல? சொல்லக் கூடாதுன்னுட்டாரு.”

“சொன்னாத்தான் என்னக்கா? லீடர் நல்ல மனுஷன்தானே?”

“நல்ல மனுஷன்தான். அதான் பயம். பாவம்னு சொல்வாரு. பாவம்னு சொல்லிட்டு வேற ஆளைப் போட்டுருவாரு. முன்னாடி கிதார் வாசிச்சவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்ப என்ன பண்ணோம்? எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டி அனுப்பி வெச்சோம். நீங்கதான் மைக்குல உருக்கமா பேசுனீங்க.” அக்காவின் கண் கலங்கிவிட்டது. “அதையும் புடுங்கிட்டா இவரு இந்த வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவாரு தம்பி? அந்த ஊமை டிவியவே பாத்துக்கிட்டுக் கெடப்பாரு. என்னால அதைப் பாக்க முடியாது.”

அன்று அவர்கள் பரீட்சை வைத்துப் பார்ப்பதையும் பார்த்தேன். தாளப் பெட்டி சமையல் மேடையில். அண்ணன் இடுப்பில் பெட்டி. அவர் வீடு முழுக்க நடந்துகொண்டே கையில் அகப்பட்டதையெல்லாம் தட்டிக்கொண்டு போவார். நிலைக்கதவு, பீரோ, துணி காயப்போடும் கம்பி. அக்கா பின்னாலேயே காதைத் தீட்டிக்கொண்டு நடப்பார். குளியலறைக்குள் போய் முதுகைக் காட்டினால் தட்டு தடுமாறும். “பாத்தீங்களா? உடம்பு குறுக்க வந்தா சரியா வராது. மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணிதான். தண்ணியத் தாண்ட இதுக்குத் தெம்பு இல்ல” என்றார். அதனால்தான் பெட்டி எப்போதும் அண்ணனின் இடது இடுப்பில், அக்காவின் மேசையைப் பார்த்தபடி இருக்கும். மேடையில் திரும்பவே கூடாது என்று அண்ணனுக்குக் கட்டளை. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, “கல்யாணத்துக்கு அப்புறம் நான் எங்க திரும்பியிருக்கேன்?” என்றார். அக்கா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கும் அந்த நோய் தொற்றிக்கொண்டது. மேடையில் பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் அண்ணனின் இடுப்பைப் பார்ப்பேன். சட்டை விலகும்போது ஒரு பொட்டுப் பச்சை தெரியும். நின்று எரிகிறதா, சிமிட்டுகிறதா? எத்தனையோ மேடைகளில் அது நின்றுதான் எரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் எனக்கு மூச்சு வந்தது. அக்காவுக்கு அதுவும் வந்த மாதிரி தெரியவில்லை. “பச்சை எரியுதேக்கா” என்றால், “எரியும். அணையுறதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் நல்லாத்தான் எரியும்” என்பார்.

ஒரு நாள் மத்தியான நிகழ்ச்சி ஒரு பெரிய மண்டபத்தில். எங்களுக்குப் பிறகு இன்னொரு குழு. டிரம்ஸுக்கு நேர் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் காத்திருக்கும் அறை. நடுவில் கதவில்லாத ஒரு வாசல், அதில் ஒரு துணி. சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்த அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. “தம்பி, அவங்க பெட்டியிலயும் அதே குச்சி” என்றார்.

அதே குச்சி என்றால் என்ன ஆபத்து என்று எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குச்சிகளுக்கு ஆள் அடையாளம் தெரியாதாம். பிடி விட்டுப்போனால், பக்கத்தில் சொல்கிற குச்சி எது இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளுமாம். “பச்சைன்னா சேந்துடுச்சுன்னுதான் அர்த்தம். யாரோடன்னு அது சொல்லாது.”

என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போனார். அவர்களுடைய பெட்டிகளை ஓட்டும் மெஷின்காரருக்கு முப்பது வயது இருக்கும், மரியாதையான ஆள், எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒண்ணும் இல்லங்க. நாங்க முடிக்கிற வரைக்கும் உங்க பெட்டி சத்தம் மேடைக்கு வராமப் பாத்துக்கிட்டீங்கன்னா…”

“அய்யோ, அதெல்லாம் ஒரு பொட்டுச் சத்தம் வராதுக்கா. நீங்க நிம்மதியா வாசிங்க.”

வெளியே வந்ததும் நான், “குச்சியைக் கழட்டி வைக்கச் சொல்லியிருக்கலாமேக்கா?” என்றேன்.

“ஏன்னு கேப்பாரு. மெஷின்காரரு, ஒண்ணு சொன்னா ஒம்பது புரிஞ்சுக்குவாரு. கீபோர்டு தாளம் மாறுனா கையால வாசிச்சுட்டுப் போறது, இதுக்கு ஏன் இந்தம்மா இப்படி நடுங்குதுன்னு தோண்டுவாரு. வேணாம்.” சொல்லிவிட்டு அவர் மேசைக்குப் போய் ஒயர்களை இழுத்துப் பார்க்கத் தொடங்கினார். அன்று மூன்று சுற்று இழுத்தார்.

முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது மெதுவான பாட்டு, தாலாட்டு மாதிரி. பாதியில் அண்ணனின் வலது பக்கம் இருந்த சிம்பல் தட்டு ஸ்டாண்டோடு சரிந்தது. வாசிப்பை ஒரு கையால் விடாமல் நடத்திக்கொண்டே, மறு கையால் அதைப் பிடிக்க அவர் உடம்பைத் திருப்பினார். முழு முதுகும் அக்காவின் மேசைப் பக்கம் வந்தது. அக்கா அரை அடி முன்னால் வந்துவிட்டார். அண்ணன் ஸ்டாண்டை நிமிர்த்திவிட்டுப் பழையபடி உட்கார்ந்தார். சட்டைக்குள் பச்சை நின்று எரிந்தது. நான் மூச்சு விட்டேன்.

பிறகு டிரம்ஸ் வேகம் பிடித்தது.

கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, சட்டென்று. தாலாட்டு ஓட்டப்பந்தயமாகிவிட்டது. கீபோர்டு ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம், ஒரே வீட்டில் இரண்டு ரேடியோ வைத்தது போல. லீடர் பாடிக்கொண்டே திரும்பி முறைத்தார். கிதார்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் ஒரு புன்சிரிப்போடு, ஒரு அடி பிசகாமல், தவறான பாட்டை அடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததிலேயே பயங்கரமானது அந்தச் சிரிப்புதான்.

அக்கா மேசையைப் பார்த்தார், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் இடுப்பைப் பார்த்தார், பச்சை. அப்புறம் அவர் பார்வை தடுப்பின் வாசலுக்குப் போனது. நானும் பார்த்தேன். துணியின் கீழே, அந்த அறைக்குள், ஷூ போட்ட ஒரு கால் தெரிந்தது. அது தரையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. கால் விழும்போதெல்லாம் அண்ணனின் டிரம்ஸ் குச்சி விழுந்தது. மெஷின்காரர் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கிளாக்கை ஓடவிட்டு, அவர் பாட்டுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி நடக்கும்போது ஒயரக்கா மேடை வெளிச்சத்துக்குள் வந்து நான் கண்டதில்லை. அன்று வந்தார். கால்கள் பின்னிக்கொள்ள, ஏறக்குறைய ஓடி, அண்ணனின் பின்னால் போய் நின்று, சட்டைக்குள் கை விட்டு அந்தப் பெட்டியை அணைத்தார். அண்ணன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். குச்சி அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தில் அப்போது வந்த பயத்தை நான் எழுதப்போவதில்லை. அக்கா உள்ளங்கையை அவர் முதுகில் வைத்து, பாட்டின் பழைய நடையில், தட்டினார். மறுபடி தட்டினார். அண்ணனின் தோள் இறங்கியது. அவர் தட்டலைப் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். பாட்டு முடியும் வரை அக்கா கையை எடுக்கவில்லை.

கூட்டம் பலமாகக் கைதட்டியது. வேகம் கூடியது, மனைவி வந்து முதுகில் தட்டியது, எல்லாமே ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. லீடர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு டிரம்ஸ் பக்கம் போனார். போகும்போதே என்னிடம், “நீ பேசு” என்றார். நான் மைக் முன்னால் நின்றேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வந்ததை வைத்து, இன்றைய வெயிலைப் பற்றி ஏதோ உளறினேன். காது முழுக்கப் பின்னால் இருந்தது.

“என்னக்கா நடக்குது?”

அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மெல்ல, கெஞ்சுவது போல. அக்கா லீடர் பக்கம் திரும்பினார்.

“அவருக்குக் காது கேக்காதுங்க. ரொம்ப நாளாவே. இந்தப் பெட்டிதான் தாளம் சொல்லும். அது இப்ப வேற யாரோடயோ போய் ஒட்டிக்கிச்சு.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இல்ல. சொன்னா அனுப்பிருவீங்கன்னு பயம்.”

லீடர் அந்தப் பெட்டியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். நான் வெயிலை முடித்துவிட்டு மழைக்கு வந்திருந்தேன்.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்றார் கடைசியில். அந்த அப்புறத்தில் என்ன இருக்கிறது என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. “இன்னும் பாதி நிகழ்ச்சி பாக்கி இருக்கு. ஒயர் இருக்காக்கா?”

இருந்தது. பையின் அடியில், துணி நாடாவால் கட்டிய ஒரு நீளச் சிவப்பு ஒயர். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கூடவே வந்து பிரிக்கப்படாமல் திரும்பிப் போன ஒயர். அக்கா அதன் ஒரு முனையைத் தாளப் பெட்டியில் செருகிவிட்டு, மறு முனையோடு வெளிச்சத்துக்குள் நடந்தார். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் இரண்டு டிரம்ஸ் குச்சிகளையும் மடியில் வைத்து, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கத்தில் மண்டியிட்டார். ரப்பர் மூடி நகத்துக்கு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். ஒயரைச் செருகி, அதன் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து, லேசாக, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

எழுந்து தன் மேசையை நோக்கிப் போனவர், பாதி மேடையில் நின்றார். திரும்பி வந்தார். அத்தனை பேர் பார்க்க, குனிந்து, மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.